போன வருஷத்துச் சாமான்

எங்கள் நூலகத்து வெப்சைட்டின் மேல் ஓரத்தில் மூன்று பட்டன் இருந்தது. சிங்களம், தமிழ், இங்கிலீஷ். சிங்களத்தை அழுத்தினால் சிங்களம் வரும். இங்கிலீஷை அழுத்தினால் பாதி இங்கிலீஷும் பாதி சிங்களமும் வரும். தமிழை அழுத்தினால் ஒரு வெள்ளைப் பக்கம் திறந்து, நடுவில் 'விரைவில்...' என்று மட்டும் நிற்கும். அந்த மூன்று புள்ளியையும் சேர்த்து வைத்தவன் ஒரு தமிழன். இதைச் சொல்லாமல் அவனைப் பற்றி வேறு எதையும் தொடங்க எனக்கு மனம் வரவில்லை.

என்னைவிட ஏழெட்டு வயது இளையவன். என்னை அக்கா என்பான், நான் தம்பி என்பேன். பிரதேச சபை நூலகத்தில் நான் உதவியாளர். புத்தகம் கொடுப்பது, வாங்குவது, கிழிந்ததை ஒட்டுவது என் வேலை. அவன் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வெப்சைட்டைப் பார்த்துக்கொள்ள வந்தவன். எங்கள் ஊர் கேகாலை மாவட்டத்து ரப்பர் மலைகளுக்கு நடுவில் ஒற்றைக் கடைத்தெருவாகக் கிடக்கும் சின்ன டவுன். நான் மேலே தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவள். அவன் கீழே கடைத்தெருவில் புடவைக்கடைக்காரர் மகன். இரண்டு பேரும் தமிழர்தான். ஆனால் மழை பிடித்துக்கொண்டால் ரப்பர் பால்வெட்டு நின்று எங்கள் வீடுகளில் அடுப்பு யோசிக்கும். அவர்கள் கடையில் குடை விற்கும்.

நல்ல பையன். இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். சிரித்துக்கொண்டே உள்ளே வருவான். கையில் ஒரு காகிதப் பையில் சுடச்சுட வடை இருக்கும், காவலாளி வரைக்கும் எல்லோருக்கும் பங்கு. அவன் சிங்களம் பேசினால் சிங்களவர்களே ஒரு நிமிடம் திரும்பிப் பார்ப்பார்கள். நூலகப் பொறுப்பாளர் மெடத்துக்கு அவன் 'அப்பே மல்லி', எங்கள் தம்பி. சபைத் தலைவரான தவிசாளர் வந்தால் நேரே அவன் மேசைக்குத்தான் போவார். அங்கே எப்போதும் புதிதாக ஏதாவது இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

அந்தப் புதிதுதான் அவன். அவனிடம் வேறு எதுவும் இல்லை என்று கோபத்தில் சொல்லத் தோன்றுகிறது, ஆனால் அது முழு உண்மை இல்லை. எதைக் கண்டாலும் அது புதுசா பழசா என்றுதான் முதலில் பார்ப்பான். பழசு என்று தெரிந்துவிட்டால் கையை உதறிவிட்டு எழுந்துவிடுவான்.

"அது போன வருஷத்துச் சாமான்க்கா," என்பான்.

அது அவன் அப்பா கடையில் புழங்கிய பேச்சு. தீபாவளி நெருங்கினால் கடை வாசலில் நிற்கும் பொம்மைக்கு அவர் வாரம் ஒரு சேலை மாற்றுவார். எங்கள் தோட்டத்துப் பெண்கள் உள்ளே அடுக்கில் ஏதாவது ஒன்றை இழுத்துப் பார்த்தால், "அது போன வருஷத்துச் சாமான்ங்க, இத பாருங்க," என்று விலை கூடியதை எடுத்து விரிப்பார். கடைக்கு அது சரி. வாசலில் பழைய சேலையைக் கட்டி வைத்தால் யார் உள்ளே வருவார்கள்? ஆனால் நூலகம் என்பதே போன வருஷத்துச் சாமானைப் பத்திரமாக வைத்திருக்கிற இடம். அவன் நூலகத்துக்கு வேலைக்கு வந்தும் புடவைக்கடையை விட்டு இறங்கவே இல்லை.

வந்த புதிதில் வெப்சைட்டில் எழுத்து இடமிருந்து வலமாக ஓடியது, பின்னால் சங்கீதம் கேட்டது. அடுத்த வருடம் சங்கீதம் போய், தவிசாளர் ரிப்பன் வெட்டும் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்தன. பிறகு எல்லாமே ஒரே நீளப் பக்கமாக மாறி, விரல் தேயும் வரை இழுத்தால்தான் நூலகம் திறக்கும் நேரம் தெரியும் என்றானது. பிறகு கறுப்புப் பின்னணி. பிறகு ஆப். ஆப்பை இறக்கியவர்கள் நானும் மெடமும் அவனும்தான் என்று நினைக்கிறேன். பிறகு குட்டி வீடியோக்கள் வந்தன. அலமாரிக்கு முன்னால் நின்று ஒரு புத்தகத்தைக் கையில் சுழற்றி, கண்ணடித்து, சிங்களத்தில் இரண்டு வரி பேசுவான். அதற்கு நிறையப் பேர் இதயம் போட்டார்கள். அந்தப் புத்தகத்தைக் கேட்டு யாரும் வரவில்லை.

ஒவ்வொரு தடவையும் மூன்று பட்டனும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்கும். ஒவ்வொரு தடவையும் நான் போய்த் தமிழை அழுத்திப் பார்ப்பேன்.

"என்ன தம்பி, இன்னும் விரைவில்தானா?"

"போட்டுருவோம்க்கா. இந்த டிசைன் முடியட்டும்."

"போன டிசைனுக்கும் இதத்தானே சொன்னீங்க."

"கோவப்படாதீங்கக்கா. டீ குடிங்க."

அந்த டீயைக் குடித்தே என் பாதிக் கோபம் வயிற்றுக்குள் போனது.

எங்கள் நூலகத்தில் தமிழ்ப் புத்தகத்துக்கு இருந்தது கதவுக்குப் பின்னால் ஒரே ஒரு அலமாரி. கதவைத் திறந்தால் அது மறைந்துவிடும். நூலகம் திறந்திருக்கும் நேரமெல்லாம் கதவும் திறந்திருக்கும். தோட்டத்துப் பிள்ளைகள் பஸ் ஏறி இறங்கி வந்தால் தயங்கித் தயங்கி, "மிஸ், கதவ கொஞ்சம் சாத்தவா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்குத் தமிழ்ப் பக்கத்தின் மேல் வெறி வந்தது. கதவு இல்லாத ஒரு இடமாவது இந்தப் பிள்ளைகளுக்கு இருக்கட்டும் என்று நினைத்தேன்.

என் அக்காவுக்கு ஒரே மகள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தாள். ஓ லெவல் பொதுப் பரீட்சை வருவதற்கு முந்தின வருடம் அந்தப் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் சேர் மாற்றலாகிப் போனார். அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. டியூஷனுக்கு ருவான்வெல்லைக்கோ வரக்காப்பொலைக்கோ போக வேண்டும். பால் வெட்டுகிறவள் மகள் வாரத்தில் இரண்டு நாள் பஸ்ஸுக்கு எங்கே போவாள்? மிச்சமிருந்தது பழைய வினாத்தாள்கள்தான், நாங்கள் பாஸ் பேப்பர் என்போமே, அவை. தமிழ் மொழியில் விடையோடு கிடைத்தால் பிள்ளைகள் தாங்களே உட்கார்ந்து போட்டுப் பழகுவார்கள்.

நான் அங்குமிங்கும் இரவல் வாங்கினேன். அவிசாவளையிலிருந்து ஒரு டீச்சர் கொடுத்தார். கண்டியில் படிக்கும் ஒரு பையன் பஸ்ஸில் கொடுத்தனுப்பினான். எல்லாவற்றையும் நூலகத்து ஸ்கேனரில் பக்கம் பக்கமாக எடுத்து, தாள்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவனிடம் போய் நின்றேன்.

"தம்பி, பட்டன்கூட வேணாம். ஒரு மூலை குடுங்க, இத போட்டு வைக்க."

வேறு யாராக இருந்தாலும் மெடத்திடம் கேள், சபையில் கேள் என்று அலைய விட்டிருப்பார்கள். அவன் வடையை வாயில் வைத்துக்கொண்டே பத்து நிமிடத்தில் ஒரு பக்கத்தைத் திறந்து கொடுத்தான். "எடுத்துக்குங்கக்கா. படம் கிடம் இல்லாம சும்மா வெள்ளையா இருக்கே, பரவால்லையா?" என்று கேட்டான். பரவாயில்லை என்றேன். தோட்டத்தில் கோயில் மேட்டில் மட்டும்தான் சிக்னல் வரும். அங்கே வெறும் எழுத்து திறந்தாலே பெரிய காரியம்.

அந்தப் பக்கத்தின் முகவரியை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போனுக்குப் போன் தொலைந்துவிடுகிறது என்று எங்கள் தோட்டத்துப் பையன்கள் ஒரு வேலை செய்தார்கள். மாரியம்மன் கோயில் தண்ணீர்த் தொட்டியின் சுவரில், திருவிழாவுக்கு உபயம் செய்தவர்கள் பெயரெல்லாம் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருக்கும். அதன் அடியில் அதே பெயிண்டில் வெப்சைட் முகவரியை எழுதி, 'கல்விக்கு உபயம்' என்று போட்டுவிட்டார்கள். வெட்டிய ரப்பர் பாலை ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வரும் அம்மாக்கள் அந்தச் சுவரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். சாயங்காலமானால் மேட்டில் நாலைந்து பிள்ளைகள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஒருத்தி இறக்கினால் மற்றவர்கள் அவள் போனிலிருந்து வாங்கிக்கொள்வார்கள். அக்கா மகள் தினமும் ஒரு தாள் போட்டு முடித்துவிட்டு எனக்குக் குரல் செய்தி அனுப்புவாள். "சித்தி, இன்னிக்கி வட்டம் வந்துச்சு. மூணு சரி."

நான் அவனிடம் அந்தச் சுவரைப் படமெடுத்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தான். "சாமி கோயில்ல நம்ம லிங்க். செம," என்றான். சந்தோஷம் அவன் முகத்தில் நிஜமாகவே இருந்தது. அந்த முகத்தை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தெரியாமல் செய்தான் என்று மன்னிக்க வழியில்லாமல் செய்துவிட்டான்.

அந்த மாரி மழைக்காலத்தில் என் அம்மாவுக்கு நெஞ்சு வலி. தோட்டத்து லொறி பள்ளத்தில் மாட்டிக்கிடந்தது. போனில் அவனுக்குச் சொன்னேன். ஒரு த்ரீவீல் ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு சேறு பூசிய மலை ரோட்டில் பாதி தூரம் தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தான். ஆஸ்பத்திரியில் சிங்களத்தில் பேசி அம்மாவுக்குக் கட்டில் வாங்கிக் கொடுத்தது அவன்தான். அம்மா பிழைத்து வந்து கடைசி வரை அவனைக் கேட்டுக்கொண்டே இருந்தது. "கடக்கார தம்பி நல்லா இருக்கா?" நல்லா இருக்கும்மா என்பேன், பல்லைக் கடித்துக்கொண்டு. நன்றிக்கடன் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். இந்த இரண்டையும் ஒரே ஆள் மேல் சுமப்பது எவ்வளவு தொல்லை என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

ஓ லெவலுக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது அவனுக்கு அடுத்த புதுசு வந்தது. கேட்ட கேள்விக்கு வெப்சைட்டே பதில் சொல்ல வேண்டுமாம். இப்போது உலகமெல்லாம் அதுதானாம். பழைய வெப்சைட்டை அப்படியே கழற்றி வைத்துவிட்டு, சின்னப் பெயரில் புது முகவரி வாங்கி, முகப்பில் சேலை கட்டிய ஒரு பொம்மையை நிறுத்தினான். எதைக் கேட்டாலும் அது பேசும். திறப்பு விழாவுக்கு மெடம் கிரிபத், அதுதான் பால்சோறு, கிண்டிக்கொண்டு வந்தார். தவிசாளர் குத்துவிளக்கை ஏற்றிவிட்டு மவுஸைத் தட்டினார். பொம்மை "ஆயுபோவன்" என்றது. எல்லோரும் கைதட்டினோம், நானும் தட்டினேன். பட்டன் மூன்றும் புதுசாகப் பளபளத்தன. நான் தமிழை அழுத்தினேன். விரைவில்.

மறுநாள் காலையில் நூலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது அக்கா மகள் எனக்குப் போன் எடுத்தாள்.

"சித்தி, செவுத்துல இருக்க லிங்க் வேல செய்யல. என்னமோ இங்கிலீஷ்ல வருது."

"புதுசு மாத்திருக்காங்கம்மா. இரு, புது லிங்க் அனுப்புறேன்."

அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் எடுத்தாள்.

"சித்தி, இது சுத்திக்கிட்டே இருக்கு. டேட்டா கார்டு பாதி முடிஞ்சிருச்சு. ஒரு பொம்ம வந்து சிங்களத்துல வணக்கம் சொல்லுது. பேப்பர் எங்கனு தமிழ்ல அடிச்சேன். மறுபடியும் வணக்கம் சொல்லுது."

பின்னால் மற்றப் பிள்ளைகள் பேசுவது கேட்டது. எல்லோரும் மேட்டில்தான் நின்றார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் அன்றைய தாளை இறக்கிக்கொண்டு போக வந்தவர்கள்.

நூலகத்தில் அவன் வரும் வரை நான் உட்காரவில்லை. வடைப் பையோடு வந்தான்.

"தம்பி, பாஸ் பேப்பர் பக்கம் எங்க?"

"அது பழைய சைட்லக்கா."

"பழைய சைட் எங்க?"

"அத மூடியாச்சே. சர்வர்ல வாடகைக்கு எடுத்த இடத்த திருப்பிக் குடுத்துட்டோம். புதுசுக்கு மாறினப்புறம் அது எதுக்கு?"

"அதுல இருந்தத எடுத்து வச்சீங்களா?"

அவன் பையை மேசையில் வைத்தான். முதல் தடவையாக அவன் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் பின்வாங்கியது.

"மெயின் பேஜ் எல்லாம் எடுத்தேன்க்கா. அது ஓரத்துல சும்மா வெள்ளையா இருந்த பக்கம்தானே. மறந்துட்டேன்."

"சரி. பழைய லிங்க்ல வர்றவங்கள புதுசுக்குத் திருப்பி விடலாம்ல? அதுக்கு ஒரு வரி போட்டா போதும்னு நீங்கதானே ஒரு தடவ சொன்னீங்க."

"போடலாம். ஆனா யாருக்கா பழைய லிங்க்ல வருவாங்க?"

என்னிடம் அவன் அதைத்தான் கேட்டான். சுவரைப் படத்தில் பார்த்துச் சிரித்தவன் கேட்டான். மெடம் எட்டிப் பார்க்கும் அளவுக்கு நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எல்லாம் நினைவில்லை, ஒன்று மட்டும் இருக்கிறது.

"செவுத்துல பெயிண்ட்ல எழுதிருக்கு தம்பி. அந்தப் புள்ளைங்க ஒங்கள நம்பி செவுத்துல எழுதிருக்குங்க."

"அனே, மல்லியைத் திட்டாதே, பாவம்," என்றார் மெடம், சிங்களத்தில். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "ஒரு வாரத்துல எல்லாம் போட்டுத் தரேன்க்கா, ப்ராமிஸ்," என்றான். பிறகு எழுந்து எனக்கு டீ ஊற்றிக்கொண்டு வந்து வைத்தான். அதை நான் தொடவில்லை. ஆடை படிந்து ஆறிக் கிடந்ததைச் சாயங்காலம் காவலாளி எடுத்துக் கொட்டினார்.

ஸ்கேன் செய்தது எல்லாம் அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. நூலகத்துக் கம்ப்யூட்டரில் இருந்ததையெல்லாம் அவன் புதுசுக்காக அழித்துத் துடைத்து வைத்திருந்தான். தாள்களோ திருப்பிக் கொடுத்தவை. நான் திரும்பவும் ஒவ்வொருவராகத் தேடினேன். டீச்சர் வேறு பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டிருந்தார், கண்டிப் பையன் வீட்டைக் காலி செய்துவிட்டிருந்தான். கிடைத்த கொஞ்சத்தைப் போனிலேயே படமெடுத்து அனுப்பிக்கொண்டிருக்கும்போதே பரீட்சை வந்துவிட்டது. அவன் சொன்ன ஒரு வாரம் வரவே இல்லை. அதற்குள் அவனுக்கு விசா வந்தது. கனடாவுக்குப் போகிறானாம். மாலை போட்டு, கேக் வெட்டி அனுப்பினார்கள். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "பொம்மைக்குத் தமிழ் கத்துக் குடுத்துருங்கக்கா," என்றான். கிண்டல் இல்லை. அப்படித்தான் அவன்.

அக்கா மகளுக்கு எல்லாப் பாடமும் பாஸ். கணக்கில் மட்டும் டபிள்யூ, அதாவது பெயில். அந்தப் பக்கம் இருந்திருந்தால் பாஸ் பண்ணியிருப்பாளா? தெரியாது. பண்ணாமலும் போயிருக்கலாம். தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வழியும் இல்லை, அதுதான் இத்தனை வருடம் கழித்தும் என்னை அரிக்கிறது. அவள் பரீட்சையைத் திரும்ப எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு, வரக்காப்பொலைப் பக்கம் ஒரு கார்மென்ட்ஸுக்கு வேலைக்குப் போனாள்.

இப்போது அந்த வெப்சைட்டை நான்தான் பார்க்கிறேன். வேறு ஆள் போட சபைக்கு வசதி இல்லை, நானும் ஒரு கோர்ஸ் போய்ப் படித்தேன். பொம்மையை முதல் வேலையாகத் தூக்கினேன். மெடத்துக்கு வருத்தம். அடுத்த வேலையாக, 'விரைவில்' நின்ற இடத்தில் முழுத் தமிழ்ப் பக்கம் ஒன்றைப் போட்டேன். புதுசே வேண்டாம் என்று நிற்கிறவள் இல்லை நான். தோட்டத்தில் பலர் போடும் கார்டில் வாட்ஸ்அப் மட்டும்தான் திறக்கும் என்று தெரிந்ததும், தாள்களை அங்கேயே குழுவாகப் போட்டேன். படிக்கத் தடுமாறும் அம்மாக்களுக்காக என்ன புத்தகம் வந்திருக்கிறது என்று என் குரலில் சொல்லி அனுப்புகிறேன். நாளைக்கு வேறு ஏதாவது வரும், அதையும் படித்துக்கொள்வேன். ஆனால் தொட்டிச் சுவரில் இருக்கும் அந்தப் பழைய முகவரியைச் சண்டை போட்டுத் திரும்ப வாங்கினேன். இன்றைக்கும் அதை அடித்தால் நேரே தமிழ்ப் பக்கத்துக்குத்தான் வரும். அதற்கு ஒரு வரிதான் தேவைப்பட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் இருந்தேன். அக்கா மகளுக்கு லீவு. தரையில் தாள்களைப் பரப்பி வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். இந்த முறை எழுதுகிறாள். என் போனில் செய்தி வந்தது. அவன்தான். கனடா போன பிறகு இதுதான் முதல் தடவை. அம்மா இறந்துபோனதைக்கூட நான் அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை.

'அக்கா, சுகமா இருக்கீங்களா? அம்மா எப்புடி? ஒரு சின்ன உதவி. இங்க ஒரு பெரிய லைப்ரரில வேலைக்குக் கூப்ட்ருக்காங்க. பல மொழியில சைட் செஞ்சிருந்தா காட்டச் சொல்றாங்க. நம்ம தமிழ்ப் பக்கம் இப்ப சூப்பரா இருக்குனு கேள்விப்பட்டேன். அதோட லிங்க் அனுப்புங்களேன். நாளைக்குள்ள குடுக்கணும்.'

நம்ம தமிழ்ப் பக்கம். நான் அதை இரண்டு தடவை படித்தேன். அம்மாவைத் தூக்கி த்ரீவீலில் ஏற்றிய கையும் நினைவுக்கு வந்தது. சேறு முழங்கை வரை இருந்தது. அந்த நினைவு வந்ததற்கும் சேர்த்து எனக்குக் கோபம் வந்தது.

"யாரு சித்தி?" என்றாள் அக்கா மகள், தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

"ஒண்ணுமில்ல. நீ போடு."

முகவரி எனக்கு மனப்பாடம். இரண்டு விரல் அசைத்தால் அனுப்பிவிடலாம். நான் அவனுக்கு ஒரே ஒரு சொல் அடித்தேன். விரைவில். அதன் பக்கத்தில் மூன்று புள்ளியும் வைத்து அனுப்பினேன்.